சோத்துக்கைப் பக்கம்

பேனா ஓடுகிறதா என்றுதான் கோபிகா கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொல்வதில் அரைக் காதுதான், மீதி ஒன்றரைக் காதும் அந்தப் பேனா மேல். வாய் தன்பாட்டுக்கு, "இலை உதிர்றதுக்குக் காரணம் அப்சிசிக் அமிலம், வறட்சி வந்தா அது கூடும்" என்று சொல்லிவிட்டு நின்றது. பேனா சரசரவென்று பின்னாலேயே வந்து அதுவும் நின்றது. சரி, இந்தத் தடவை எழுதிவிட்டார்கள். பரீட்சை கோபிகாவுக்கு, பேனா எமல்டா டீச்சருக்கு. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில், எழுத்தோடு மல்லுக்கட்டி மாளாத பிள்ளைகளுக்கு இப்படியொரு ஏற்பாடு உண்டு. தனி அறை, கூடுதலாக ஒரு மணி நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒரு டீச்சர். அந்த டீச்சரும் வேறு பள்ளிக்கூடம், வேறு பாடம். இன்றைக்கு அறிவியல், எமல்டா டீச்சர் நடத்துவதோ வரலாறு. கேள்வியை வாசிக்கலாம், சொன்னதை எழுதலாம், கேட்டால் எழுதியதைப் படித்துக் காட்டலாம், அதற்குமேல் மூச்சு விடக்கூடாது. தண்ணி வேணுமா என்று கேட்பதற்குக்கூட எமல்டா டீச்சர் வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், பாவம். மற்ற பிள்ளைகள் எல்லாம் மாடியில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்க, இவளுக்குக் கிடைத்தது விளையாட்டுச் சாமான் போடுகிற அறை. சுருட்டி வைத்த வாலிபால் வலை, காற்றுப்போன பந்துகள், ஒரு கால் ஒடிந்த கேரம் ஸ்டாண்டு, ரப்பர் வெயிலில் வெந்த வாடை. நடுவில் ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. இரண்டு பேர் முட்டி தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து பேசுகிறார்கள், ஆனால் பேசக்கூடாது. இப்படியும் ஒரு உறவு உலகத்தில் உண்டா என்று கோபிகா நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் தப்பாகிவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேனா மேல் அவளுக்கு ஏன் இந்தச் சந்தேகம் என்றால், தமிழ்ப் பரீட்சையில் பட்ட பாடு. அன்றைக்கு எழுத வந்தவர் ஒரு சார். நல்லவர்தான், வெற்றிலை போட்ட வாயோடு "ம், மேல, மேல" என்பார். இவள் நெடுவினாவுக்கு மூச்சுப் பிடித்து நீளமாகச் சொன்னாள், பேனாவோ இரண்டு வாக்கியத்துக்கு ஓடிவிட்டு "ம், மேல" என்றது. எத்தனை வாக்கியத்துக்குப் பேனா எவ்வளவு நேரம் ஓடும் என்பது கோபிகாவுக்கு மனப்பாடம். நூல் மில்லில் இருந்து ஷிப்டு முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, அம்மா பாண்டீஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளுக்கு எழுதிப் பழக்கினாள். அம்மா எட்டாவதோடு நின்றவள். ஒரு வாக்கியம் எழுத ஒரு யுகம் பிடிக்கும், எழுதும்போது நாக்கு வெளியே வந்துவிடும். "இருடி, இருடி, ரயிலா ஓட்டுற" என்பாள். அதனால்தான் கோபிகா நிறுத்தி நிறுத்திச் சொல்லவும், பேனா நிற்கிறதா என்று காது கொடுக்கவும் பழகினாள். அந்தக் காதுக்குத் தமிழ்ப் பரீட்சை அன்று நன்றாகத் தெரிந்தது, சொன்னதில் பாதி தாளில் ஏறவில்லை என்று. படிச்சுக் காட்டுங்க சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்பதற்குச் சட்டமே இருக்கிறது. கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, எச்சிலோடு உள்ளே போய்விட்டது. இங்கிலீஷுக்கும் கேட்கவில்லை, கணக்குக்கும் கேட்கவில்லை, சமூக அறிவியலுக்கும் கேட்கவில்லை. வீட்டில் வந்து எப்படி எழுதின என்று அம்மா கேட்டதற்கு, நல்லா எழுதினேன் என்றாள். எழுதினேனா? நானா எழுதினேன்? யானை வாய்க்குள் போன கரும்பு மாதிரி, சொன்னதெல்லாம் எங்கே போனது என்று யாரைக் கேட்பது? இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், கேட்டே தீர வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சபதம் போட்டிருந்தாள். இப்போது பாதிக்குமேல் முடிந்துவிட்டது, சபதம் இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது.

அவளுக்கு எழுத்தே தெரியாது என்றில்லை, அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். எழுத்துகள் எல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. அத்தனை பேரும் பார்த்த முகம்தான், ஆனால் இது யாரு, எந்த ஊரு அத்தை என்று யோசிப்பதற்குள் அடுத்தவர் வந்து கையைப் பிடித்துவிடுவார். ஒருத்தர் ஒருத்தராக நிறுத்தி வைத்துப் பேசினால் எல்லாரையும் தெரியும். யார் நிறுத்தி வைக்கிறார்கள்? ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் கடைசி பெஞ்சு. சோம்பேறி என்று ஒரு டீச்சர், திமிர் என்று ஒரு டீச்சர், பாவம் என்று ஒரு டீச்சர். மூன்றில் பாவம்தான் அதிகம் வலித்தது. பெரியாஸ்பத்திரியில் சர்டிபிகேட்டுக்குப் போனபோது டாக்டர் இவளைப் பார்த்துத்தான் கேட்டார், உன் பேரு என்னம்மா என்று. அம்மா சொன்னாள், கோபிகா சார். என்ன படிக்கிற? பத்தாவது சார். படிக்கும்போது என்ன கஷ்டம்? எழுத்து பிடிபட மாட்டேங்குது சார், மத்தபடி நல்ல புள்ள சார். கோபிகா நடுவில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார், அம்மா டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள், அவ்வளவுதான், அவளுக்கு என்ன கஷ்டம் என்று ஊர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, அவளைக் கேட்காமலேயே. கேட்ட ஒரே ஆள் சுகந்தி மிஸ். வட்டார வள மையத்திலிருந்து புதன்கிழமை தோறும் வந்தவர். முதல் நாளே, "உனக்கு ஒண்ணுமில்லைனு நான் பொய் சொல்ல மாட்டேன். எழுத்துக்கும் உனக்கும் ஆகாது. ஆகாதவங்களோடயும் காலம் தள்ளலாம், வா" என்றார். என்ன ஒரு பேச்சு! இந்தத் தனி அறை, எழுத ஆள் எல்லாவற்றுக்கும் அலைந்தது அவர்தான். பொங்கல் லீவுக்குப் பிறகு அவர் வரவில்லை. வேலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். சொல்லாமல் போகிற ஆளில்லை, சொல்ல விட்டிருக்க மாட்டார்கள். புதன்கிழமை வந்தால் இவள் மிஸ் பாடம் நடத்தின அறை வாசலில் போய் நின்றுவிட்டு வருவாள், பூட்டு தொங்கும். "அங்க என்னடி பண்ற?" என்று கூடப் படிக்கிற சௌமியா கேட்டால் சும்மா என்பாள். சும்மாதான், வேறென்ன.

"அடுத்த கேள்வி படிக்கிறேன்" என்றார் எமல்டா டீச்சர். "மனித இதயத்தில் எந்த வெண்ட்ரிக்கிளின் சுவர் அதிகத் தடிமன் உடையது? காரணம் கூறுக." அடடே, இது தெரியும், இது லட்டு. நுரையீரல் பக்கத்து வீடு, அங்கே ரத்தம் அனுப்ப ஒரு தட்டுத் தட்டினால் போதும். உடம்பு அப்படியா, உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை தள்ள வேண்டும், தூரத்துக்குத் தள்ளுகிற பக்கத்துக்குச் சதை வேண்டாமா? வண்டி இழுக்கிற மாட்டுக்குத்தானே திமில். காரணம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. எந்தப் பக்கம்? அங்கேதான் சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இடது, வலது. எழுத்தாவது கல்யாணக் கூட்டம், இது இரட்டைப் பிள்ளைகள். சின்னதிலிருந்து அவளுக்குச் சோத்துக்கை தெரியும், பீச்சாங்கை தெரியும். வலது என்றால் சோத்துக்கை என்று ஒரு தடவை மனசுக்குள் சோறு அள்ளிப் பார்த்துத்தான் சொல்லுவாள். மேஜைக்கு அடியில் விரலைக் குவித்தாள், அள்ளினாள், வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள். சரி, இது வலது. இப்போது புத்தகப் படம். சிவப்பும் நீலமுமாக இதயம், கீழே இரண்டு அறை, அதில் ஒன்றுக்குச் சுவர் கனம். எந்தப் பக்கம் கனம்? கண்ணை மூடினாள். படம் வந்தது, அவளுக்குப் படங்கள் எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு வரும். கனமான சுவர் சோத்துக்கைப் பக்கம் இருந்தது. சந்தேகமே இல்லை, பளிச்சென்று சோத்துக்கைப் பக்கம். "வலது வெண்ட்ரிக்கிள்" என்றாள். பேனா கிளம்பியது, நின்றது. நின்றது என்றால், இவள் நிறுத்துவதற்கு முன்னால் நின்றது. காலையிலிருந்து அப்படி நின்றதே இல்லை. ஒரு மூச்சு நேரம். அப்புறம் ஓடியது. "காரணம், அது உடல் முழுவதும் ரத்தத்தைத் தள்ள வேண்டும். நுரையீரல் பக்கம், உடம்பு தூரம்" என்று இவள் சொல்லி முடித்தாள், பேனாவும் முடித்தது. ஏன் நின்றது? மை வரவில்லையோ? வியர்வை துடைத்தார்களோ? இல்லை, என் தப்பைப் பார்த்து நின்றதோ? அவள் எமல்டா டீச்சர் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் தாளைப் பார்த்தார். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று மின்தடை, ஒளி, பரிணாமம் எல்லாம் சொன்னாள், சொன்ன வாய் சொல்லிக்கொண்டிருக்க, மனசு மட்டும் அந்த ஒரு மூச்சு நேரத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தது, முள்ளில் மாட்டிய பாவாடை மாதிரி.

மணி அடித்தது. தலைக்கு மேலே பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம், பிறகு படிக்கட்டில் திமுதிமு. பத்தாவது முடிந்துவிட்டது அவர்களுக்கு, ஆயுள் தண்டனை முடிந்த மாதிரி கூத்து. இங்க் தெளிக்கிறார்கள் போல, யாரோ வீலென்று கத்தினார்கள், யாரோ, "ஏய் சௌமி, நில்லுடி!" என்றார்கள். சௌமியா நிற்பாளா? நின்று இவளுக்காகக் காத்திருப்பாளா? ஒரு மணி நேரம் யார் காத்திருப்பார்கள், வெயிலில்? போகட்டும். சத்தம் வாசலைத் தாண்டியது, ரோட்டுக்குப் போனது, பஸ்ஸில் ஏறியது, இல்லாமல் போனது. பெரிய பள்ளிக்கூடம் ஒன்று காலியானால் காதுக்குள் ஒரு மாதிரி அடைக்கும். கூடுதல் நேரம் என்று சொல்கிறார்களே, அது சலுகை என்று ஊரே நினைக்கிறது. எல்லாரும் போனபிறகும் நீ மட்டும் உட்கார்ந்திருக்கிற நேரம் அது என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். கோபிகாவுக்கு அழுகை வந்தது, அழவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. எழுந்து போகலாம். பதினொன்றாவதில் நர்சிங் குரூப் கேட்க வேண்டும், இதில் தேறினால்தான் அதற்கு வாய் திறக்கவே முடியும். இடது வலது தெரியாத நர்சம்மா! வலது கையில் போடச்சொன்ன ஊசியை எந்தக் கையில் போடுவாள்? எமல்டா டீச்சர் தாள்களை அடுக்கி நூலைக் கையில் எடுத்தார். கட்டிவிட்டால் போச்சு. இப்போது கேட்க வேண்டும். கேளுடி. என்ன நினைப்பார்கள்? உங்களை நம்பவில்லை என்று சொல்வது போல ஆகாதா, காலையிலிருந்து முதுகு வளைய எழுதியிருக்கிறார், தண்ணி வேணுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கேட்டால் முகம் சுருங்கும். சுருங்கட்டும். ஒரு முகம் சுருங்கினால் உலகம் முழுகிவிடுமா? "டீச்சர்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மொதல்ல இருந்து படிச்சுக் காட்டுங்க டீச்சர். நேரம் இருக்குல்ல." எமல்டா டீச்சர் நூலைக் கீழே வைத்தார். "எல்லாத்தையுமா?" "எல்லாத்தையும் டீச்சர்."

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். வரலாறு நடத்துகிற குரல் அல்லவா, கணீரென்று இருந்தது. அந்தக் குரலில் தன் பேச்சைக் கேட்டதும் கோபிகாவுக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மாடி, இவ்வளவையும் நானா சொன்னேன்? அப்சிசிக் அமிலம் நான் சொன்ன இடத்தில் இருந்தது. வறட்சி வந்தால் கூடும் என்பது இருந்தது. மரபு பற்றிச் சொன்னபோது வாய் தவறி, பட்டாணிச் செடியை அந்த விஞ்ஞானி எட்டு வருசம் வளர்த்தார் என்று சொன்னாளே, அந்த வருசம்கூட வருசமாகவே இருந்தது, வருடமாகவில்லை. ஒரு வாக்கியம் குறையவில்லை. ஒன்று கூடவும் இல்லை. சொன்னது சொன்னபடி, ஒருத்தர் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார். பிறந்ததிலிருந்து அவள் பேச்சை இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை, சுகந்தி மிஸ்கூட ஒரு பீரியடுதான். எழுந்து எமல்டா டீச்சரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பரீட்சைக்கு மார்க் வருமே, அந்த மார்க் முழுக்க என்னுடையது, பாவம் பார்த்துப் போட்டதில்லை, பாஸ் போட்டுத் தள்ளிவிட்டதில்லை, என் வாயிலிருந்து வந்து தாளில் ஏறியது. டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். "இடது வெண்ட்ரிக்கிள். காரணம், அது உடல் முழுவதும்..." கோபிகா நிமிர்ந்தாள். டீச்சர் குரல் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாக, காலில் சுடுமணல் பட்டவர் போல. "டீச்சர்" என்றாள். "நான் இடதுன்னா சொன்னேன்?"

எமல்டா டீச்சர் வராந்தாவைப் பார்த்தார். யாரும் இல்லை. "நீ வலதுன்னுதாம்மா சொன்ன" என்றார், குரலைத் தாழ்த்தி. "காரணம் எல்லாம் அவ்வளவு அழகா தெரிஞ்சிருக்கு உனக்கு. கை தன்னால எழுதிருச்சு. இடதுதாம்மா சரி. விட்ரு." என்ன நல்ல முகம் அது. பந்தியில் கேட்காமலே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுகிறவர்களுக்கு இருக்கிற முகம். அதுதான் கோபிகாவுக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களோடு சண்டை போடலாம், நல்லவர்களோடு என்னத்தைப் போடுவது? அவள் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கினவர்கள் எல்லாருமே நல்லவர்கள்தான். அம்மா நல்லவள், டாக்டர் நல்லவர், கிளாஸில் கேள்வி கேட்டால் இவளுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிற சௌமியா தங்கமானவள். இடதா? எப்படி இடது? கனமான சுவர் சோத்துக்கைப் பக்கம்தானே இருந்தது? எதிரே டீச்சர் பேனாவைப் பிடித்திருந்தார், சோத்துக்கையில். அந்தக் கை இவளுடைய பீச்சாங்கைக்கு நேரே இருந்தது. அட! படத்தில் இருக்கிற ஆளும் இப்படித்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் பீச்சாங்கைதான் எனக்குச் சோத்துக்கைப் பக்கம். இவ்வளவுதானா? இதை நானே கண்டுபிடித்திருப்பேனே, இன்னும் நேரம் இருக்கிறதே! கண்டுபிடித்திருப்பாளா? ஒருவேளை மாட்டாளோ? இனி யாருக்குத் தெரியும். விடையைக் காதில் போட்டபிறகு விடுகதையை என்ன செய்வது? இப்போது இடது என்றால் அது யார் சொன்ன இடது? லூசு, எழுதினதை விட்டுட்டுப் போடி என்றாள் இவள் மனசுக்குள்ளிருந்து சௌமியா. நர்சிங் என்றது இன்னொரு குரல், பார்டர்ல நின்னா இந்த ஒரு மார்க்குதான் தூக்கிவிடும். ரிசல்ட்டு வரும், தேறிவிடுவாள், அம்மா மில் முழுக்க மிட்டாய் கொடுப்பாள், இவள் மட்டும் அந்த மார்க்கில் எமல்டா டீச்சருடையது எது என்று காலத்துக்கும் தேடிக்கொண்டிருப்பாள், யாரிடமும் சொல்ல முடியாமல். அதைவிடத் தனிமை ஒன்று உண்டா? கோபமாக வந்தது. பயமாகவும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் வாயைத் திறந்தது. "வலதுன்னே எழுதிருங்க டீச்சர்." "தப்பும்மா அது. மார்க் போயிரும்." "தெரியும் டீச்சர். ஆனா நான் சொன்னது அதுதான்." "ஏம்மா இப்படிப் பண்ற? உன் நல்லதுக்குத்தானே..." "எங்க போனாலும் எனக்குப் பதிலா யாராச்சும் பேசிருவாங்க டீச்சர்" என்றாள் கோபிகா. "இங்க மட்டுந்தான் நான் பேசினேன்." எமல்டா டீச்சர் தாளை மேஜையில் விரித்தார். குனிந்தார். பேனா ஒரு கோடு கிழித்தது, ஒரு சின்ன வார்த்தைக்கு ஓடியது, நின்றது. "காட்டுங்க டீச்சர்" என்று கோபிகா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடித்த கோட்டுக்கு மேலே புது மையில் மூன்று எழுத்து நின்றது. ஒவ்வொன்றின் கீழும் விரலை வைத்து, அடுத்தது ஓடிவந்து கையைப் பிடிக்காதபடி மறு கையால் மறைத்து மறைத்துப் பார்த்தாள். வ. நேரம் ஆனது. ல. வெளியே காக்கா கத்தியது, டீச்சர் அவசரப்படுத்தவில்லை. து. வலது. மார்க் போச்சே என்று வயிறு எரிந்தது, எரிந்தாலும் விரலை அங்கிருந்து எடுக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "மீதியையும் படிங்க டீச்சர்" என்றாள்.